மலையில் ஏறி, தீவில் இறங்கி

கோலாலம்பூரிலிருந்து வரும் விமானம் திருச்சியில் இறங்கியதும் பெரும்பாலான பயணிகள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராகப் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களிலும் பாதிப்பேர் ஜங்ஷனில் இறங்கி அடுத்த வண்டியைத்தான் தேடுகிறார்கள். தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதே திருச்சிக்குப் பாதகமாகிவிட்டது. எல்லோரும் வண்டி மாறுகிற ஊர் என்பதால், தங்கிப் பார்க்க வேண்டிய ஊர் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. கிள்ளானிலிருந்து முதன்முறையாக வந்த அத்தையும் அவர் மகளும் அன்றைக்கே பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போவதாகத்தான் திட்டம். நான்தான் விடவில்லை.

"திருச்சியில என்னடா இருக்கு, ஸ்ரீரங்கம் சாமி பார்த்துட்டுப் போயிடலாமே" என்றார் அத்தை.

"சாமி மட்டும் பார்க்கிறதுக்கு இல்ல அத்தை, ஊரைப் பார்க்கணும். மொதல்ல மலை ஏறுவோம்" என்றேன்.

முதன்முறை வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் மலைக்கோட்டை, பிறகு திருவானைக்காவல், அதன் பிறகு ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கத்தைப் பார்த்த களைப்போடு வந்து மலை ஏறினால் அது வெறும் படிக்கட்டாகிவிடும். மலைமேல் நின்று காவிரியையும் கொள்ளிடத்தையும் அவற்றுக்கு நடுவில் கிடக்கும் தீவையும் பார்த்தவர்களுக்கு, அடுத்து எங்கே போனாலும் தாங்கள் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது புரியும்.

சின்னக்கடை வீதியின் நகைக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவில் மலைக்கான வாசல் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துபோவதை அடிக்கடி பார்க்கலாம். உள்ளே போனால் மாணிக்க விநாயகர் சன்னதி, அங்கிருந்து படி. உச்சி வரைக்கும் நானூறுக்கும் மேல். பாதி வழி பாறையைக் குடைந்த பாதைக்குள்ளேயே ஏறுவதால் வெயில் தெரியாது. கடைசிப் பகுதி மட்டும் திறந்தவெளி. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும் என்பதால் நண்பகலில் அங்கே கால் வைக்க முடியாது. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், இல்லையென்றால் மாலை ஐந்துக்குப் பிறகு.

நடுவழியில் தாயுமானசுவாமி கோயில். நிறைமாதமாக இருந்த பெண்ணுக்குத் துணைக்குக் கிளம்பிய தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து நின்றபோதுதான் அந்தப் பெண்ணுக்கு வந்தது யார் என்று தெரிந்தது. இன்றும் சுகப்பிரசவமானவர்கள் இங்கே வாழைத்தார் கொண்டுவந்து வைக்கிறார்கள். அத்தை இந்தக் கதையைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவள் பிறந்தப்போ அம்மாவால வர முடியல. நடுவுல கடல்" என்றார். ஆறு என்றாலும் கடல் என்றாலும், அக்கரையில் நிற்கிற தாயின் தவிப்பைச் சாமியாக்கி வைத்திருக்கும் ஊர் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அதற்குமேல் ஏறுகிறவர்கள் உச்சிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டே விறுவிறுவென்று போய்விடுகிறார்கள். வழியில் ஒரு குடைவரை இருக்கிறது. திருச்சியில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. அவனுடைய பட்டப்பெயரால் லளிதாங்குர பல்லவேசுவரம் என்று பெயர். தூண்கள் கீழும் மேலும் சதுரமாகவும் நடுவில் எட்டுப்பட்டையாகவும் இருக்கின்றன. மகேந்திரன் காலத்துக் குடைவரைகளுக்கே உரிய அமைப்பு. உள்ளே மேற்குச் சுவர் முழுவதும் கங்காதரர். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை ஒரு பூதகணத்தின் மேல் வைத்து நிற்கிறார். வலது மேற்கையில் தன் சடையிலிருந்து ஒரே ஒரு புரியை எடுத்துப் பிடித்திருக்கிறார். மேலேயிருந்து, கைகூப்பியபடி, ஒரு சின்னஞ்சிறு பெண்ணாக கங்கை இறங்கி வருகிறாள். அவ்வளவு வேகத்தோடு வரும் ஆற்றை ஒரு முடிப்புரியால் வாங்கிக்கொள்பவர் முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. பாதத்தைத் தாங்கும் பூதமும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு முந்தைய காலத்துப் பல்லவச் சிற்பத்தில் இதற்கு இணையான இன்னொன்று கிடையாது என்பது என் கருத்து.

சிற்பத்துக்கு இருபுறமும் உள்ள தூண்களில் வடமொழிக் கல்வெட்டு. அதில் ஒரு செய்தி உண்டு. தரையில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழர்களின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவபெருமான் கேட்டாராம். அதனால்தான் குணபரன் என்றும் பெயர்கொண்ட மகேந்திரன் மேகத்தைத் தொடும் இந்த மலையில் அவருக்கு வீடு அமைத்துக் கொடுத்தானாம். இன்னொரு பாட்டில் பார்வதி வருகிறாள். ஆறுகள் மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி, பிறந்த வீடான இமயத்தை விட்டு வந்து, காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இந்த மலையில் தங்கிவிட்டாளாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையின் பெருமை அங்கிருந்து தெரியும் காட்சிதான் என்று ஓர் அரசன் கல்லில் எழுதிவைத்திருக்கிறான். சமணத்திலிருந்து சைவத்துக்கு மகேந்திரன் திரும்பியதற்கு ஆதாரமாக ஆய்வாளர்கள் பலர் காட்டுவதும் இந்தக் கல்வெட்டைத்தான். அவனை மாற்றியதாகச் சொல்லப்படும் அப்பரின் கதையைப் படித்தவர்கள் அந்தத் தூண்களுக்கு முன்னால் நிற்கும்போது மெய்சிலிர்க்காமல் இருக்க முடியாது. நாங்கள் நின்றிருந்த நேரம் முழுக்கப் பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தமிழில் பெரிய எழுத்தில் விளக்கமாக ஒரு பலகை வைத்தால் பாதிப்பேராவது நிற்பார்கள். தொல்லியல் துறை இதைச் செய்ய வேண்டும்.

உச்சி 83 மீட்டர் உயரம். பிள்ளையார் நெற்றியில் விபீஷணன் குட்டிய தழும்பு என்று ஒரு பள்ளத்தைக் காட்டுவார்கள். இராமன் கொடுத்த அரங்கன் திருமேனியை இலங்கைக்குக் கொண்டுபோன விபீஷணன், காவிரியில் நீராட இறங்கியபோது சிறுவன் ஒருவனிடம் அதைக் கொடுத்துவைத்தான். சிறுவனாக வந்த பிள்ளையார் அதைத் தரையில் வைத்துவிட்டு ஓடி மலையேறிவிட்டார். அரங்கன் அங்கேயே நிலைத்துவிட்டார். தெற்கே இலங்கையைப் பார்த்தபடி பள்ளிகொண்டிருப்பது விபீஷணனுக்குச் செய்துகொடுத்த சமாதானம். பிராகாரத்தில் வடக்குப் பார்த்து நின்றால் கதை முழுதும் கண்முன்னே விரிகிறது. கீழே காவிரி, அதில் வரிசையாகப் பாலங்கள், அக்கரையில் தென்னந்தோப்புகளுக்கு மேலே ராஜகோபுரம், வலப்பக்கம் சற்றுத் தள்ளித் திருவானைக்காவல் கோபுரங்கள், எல்லாவற்றுக்கும் அப்பால் வெளிறிய கோடாகக் கொள்ளிடம். அத்தையின் மகள் அதுவரை கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டே வந்தவள், இங்கே அதைப் பைக்குள் வைத்துவிட்டாள். "இது தீவா அத்தான்? ஊர் முழுக்க ஆத்துக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் இருப்பதுதான் ஸ்ரீரங்கம் தீவு.

கீழே இறங்கினால் தெப்பக்குளம். நாயக்கர் காலத்துக் குளத்தின் கரையில் இன்று துணிக்கடை, பழக்கடை, பொம்மைக்கடை. ஆங்கிலேயத் தளபதி கிளைவ் தங்கிய வீடு என்று சொல்லப்படும் கட்டடமும் இங்கேதான். 1751, 52இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை வைத்துக்கொண்டு இந்த ஊருக்காகத்தான் மோதினார்கள். ஸ்ரீரங்கம் தீவுக்குள் புகுந்திருந்த பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் சரணடைந்தது. குளத்தைச் சுற்றி நடந்தால் சிறிது தூரத்திலேயே 1766இல் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் எழுப்பிய கிறிஸ்து ஆலயமும், அப்துல் கலாம் இயற்பியல் படித்த புனித வளனார் கல்லூரியும், அதன் பக்கத்தில் ஊசிக்கோபுரத்தோடு லூர்து அன்னை ஆலயமும் வந்துவிடுகின்றன. நத்தர்வலி தர்காவும் தொலைவில்லை. உறையூருக்கு ஆட்டோவில் போனால் கூரையில்லாத கருவறையில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருக்கும் வெக்காளியம்மனைக் காணலாம். முற்காலச் சோழர்களின் தலைநகரமாக இருந்த உறையூர், பின்னாளில் சுருட்டுக்குப் பேர்போனது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவதற்குத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் உதவுகிறது. நேரம் குறைவென்றால் உறையூரை விட்டுவிடலாம்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். திருச்சிக்காரர்களிடம் ஸ்ரீரங்கம் எப்படிப் போவது என்று கேட்டால் வேறு பதிலே வராது. காவிரிப் பாலம், மாம்பழச் சாலை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று வரிசையாகக் கொண்டுபோய் விடும். வெளியூர்ப் பேருந்துகளுக்கு 2025இல் திறந்த பஞ்சப்பூர் நிலையத்தில் இறங்குகிறவர்களும் ஊருக்குள் வந்ததும் இதையே பிடித்துக்கொள்ளலாம்.

திருவானைக்காவலுக்கு உச்சிக்காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். நீருக்கு உரிய தலம். கருவறை தாழ்வாக இருக்கிறது. காவிரியில் தண்ணீர் ஓடும் காலத்தில் லிங்கத்தைச் சுற்றி ஊறிக்கொண்டே இருக்கும். முன்னால் நேர்வாசல் கிடையாது. ஒன்பது துளைகள் கொண்ட கல்ஜன்னல் வழியாகத்தான் ஜம்புகேசுவரரைப் பார்க்க முடியும். நண்பகலில் அர்ச்சகர் அகிலாண்டேசுவரியின் புடவையைக் கட்டி, கிரீடம் அணிந்து, மேளதாளத்தோடு அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்கு வருகிறார். அம்பிகையே சிவனைப் பூஜிப்பதாக ஐதிகம். கூடவே கோபூஜையும் உண்டு. கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அத்தையைப் பார்த்து, "முன்னாடி போங்கம்மா, நான் தினம் பார்க்கிறவன்" என்று வழிவிட்டார். அர்ச்சகர் எங்களைக் கடந்தபோது யாரும் அவரை ஓர் ஆணாகப் பார்க்கவில்லை. பெண்கள் எல்லோரும் கைகூப்பி 'அம்மா' என்றுதான் சொன்னார்கள். சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்தது இந்த ஊரில்தான். கோயிலை விட்டு வெளியே வந்தால் பார்த்தசாரதி விலாஸில் நெய்ரோஸ்ட் சாப்பிடாமல் போகாதீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தரிசன வரிசையில் நின்று, பெரிய பெருமாளை ஒரு கணம் பார்த்து, வந்த வழியே திரும்பிவிட்டவர்கள் ஸ்ரீரங்கத்தைப் பார்த்தவர்கள் ஆகமாட்டார்கள். 156 ஏக்கர், ஏழு சுற்று, 21 கோபுரங்கள். வெளிச்சுற்றுகளில் அடையவளைந்தான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று மக்கள் குடியிருக்கிறார்கள். கோயில் மதிலுக்குள்ளேயே பால்காரர் வருகிறார், பள்ளிக்கூட வேன் நிற்கிறது, வடாம் காய்கிறது. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் தைத்தேர் உத்திர வீதிகளிலும் ஓடும். ஊருக்குள் கோயிலா, கோயிலுக்குள் ஊரா என்று பிரிக்க முடியாத இந்த அமைப்பைக் காலாற நடந்தால்தான் உணர முடியும். விடியற்காலையில் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் தொடங்கி வீதிகளைச் சுற்றி வாருங்கள்.

தெற்கு வாசலில் நிற்கும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள் அதுவும் பழங்காலத்துக் கட்டடம் என்றே நினைக்கிறார்கள். அடித்தளம்தான் விஜயநகரக் காலத்தது. நூற்றாண்டுக்கணக்காக மொட்டைக் கோபுரமாகவே நின்ற அதன்மீது அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் முயற்சியெடுத்து, 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்குக் கட்டிமுடிக்க, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. நம் காலத்திலும் இப்படி ஒன்றைக் கட்டக்கூடிய ஸ்தபதிகளும், அதற்குக் காணிக்கை கொடுக்கும் ஜனங்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உள்ளே சேஷராயர் மண்டபம். முன்வரிசைத் தூண் ஒவ்வொன்றிலும் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை; மேலே வீரன்; குதிரையின் காலடியில் வேட்டைக்காரர்கள் ஈட்டியால் புலியைக் குத்துகிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். சேணத்தின் வார் எங்கே கட்டப்பட்டிருக்கிறது, கடிவாளம் வாயை எப்படி இழுக்கிறது, ஈட்டி புலியின் உடலில் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்பது வரை கல்லில் தெரிகிறது. எதிரே ஆயிரங்கால் மண்டபம். தூண்கள் உண்மையில் 953. வேணுகோபாலன் சன்னதியின் வெளிச்சுவரில் கண்ணாடி பார்க்கும் பெண், வீணை மீட்டும் பெண் என்று நிற்கும் சிற்பங்களுக்கு முன்னால் அத்தையின் மகள்தான் எங்களைக் காத்திருக்கவைத்தாள்.

இந்தக் கோயில் இரண்டு படையெடுப்புகளைக் கண்டது. 1311இல் மாலிக் கபூர், 1323இல் டில்லி சுல்தானின் படை. இரண்டாம் முறை படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் உற்சவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனார். மதுரைக்கு அருகே வழியிலேயே உயிர்நீத்தார். அரங்கன் ஊர் ஊராக மறைந்து வாழ்ந்து, விஜயநகரத் தளபதி கோபண்ணன் உதவியால் 1371இல்தான் திரும்பி வந்தார். இதற்குள் தலைமுறை மாறிவிட்டது. வந்திருப்பவர் பழைய பெருமாள்தானா என்று சொல்ல ஆளில்லை. அரங்கனுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த வயோதிகர் ஒருவர் பார்வையிழந்த நிலையில் இருந்தார். திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈரத்துணியைப் பிழிந்த நீரை அவருக்குக் கொடுத்தார்கள். வாயில் விட்டதும், இவர்தான் நம்பெருமாள் என்று அவர் சொன்னதாகக் கோயில் மரபு. உற்சவருக்கு அதுவே பெயராக நிலைத்தது. ஈரவாடைத் தீர்த்தம் கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆசாரியர்களும் அரசர்களும் நிறைந்த ஒரு கோயிலின் சரித்திரத்தில், தெய்வத்தை அடையாளம் காட்டியவர் துணி வெளுப்பவர். ஸ்ரீரங்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான்.

கிழக்கே தனித்து வெள்ளையாக நிற்கும் கோபுரத்துக்கும் அதே காலத்துக் கதை ஒன்று உண்டு. வெள்ளையம்மாள் என்ற தேவதாசி படைத்தலைவனை மேலே அழைத்துப்போய்க் கீழே தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்கிறார்கள். அதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கும் இடம் இருக்கிறது. பெருமாள்மேல் காதல்கொண்டு டில்லியிலிருந்து வந்த சுல்தானின் மகளுக்குச் சிலை இல்லை, ஓவியம்தான். அவளுக்காகப் பெருமாள் கைலி உடுத்துகிறார், ரொட்டி அமுது செய்கிறார். படையெடுப்பின் காயத்தையும் இந்தப் பெண்ணின் பிரியத்தையும் ஒரே மதிலுக்குள் வைத்துக் காப்பாற்றிய முன்னோர்களை நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். உடையவர் சன்னதியில் இராமானுஜரின் தானான திருமேனியைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது அத்தை, "சாமி பார்க்க இவ்வளவு நேரமான்னு நெனச்சேன். இன்னும் பாதி பார்க்கலையே" என்றார்.

தீவின் கிழக்கு முனைக்கு அருகே கல்லணை. பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். சாலை நெடுகக் காவிரி கூடவே வரும். கரிகாலன் பெயரோடு சேர்ந்த அணை. மணற்படுகையில் பெரும் பாறைகளைப் போட்டு அவை தாமே புதைந்து அமர விட்டு, மேலே களிமண்ணோடு மேலும் பாறைகளை அடுக்கிய அந்த முறையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ஆற்று மணலில் அடித்தளம் போடுவதைக் கற்றுக்கொண்டார். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டத் தொடங்கினார், பிறகு கோதாவரிக்குப் போனார். இன்று நாம் காண்பது பலமுறை செப்பனிட்டு மதகுகள் சேர்த்த கல்லணை. நீளம் 1079 அடி. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்துக்கொடுக்கும் இடத்தில் நின்றால் தஞ்சை டெல்டாவின் வாசல் இதுதான் என்று தெரிகிறது. அத்தையின் ஊருக்குப் போகும் தண்ணீரும் இதே மதகுகள் வழியாகத்தான் போகிறது. குழந்தைகளோடு வருகிறவர்கள் தீவின் மேற்குப் பகுதியில் வனத்துறை நடத்தும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் முக்கொம்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்போது வருவது என்று கேட்பவர்களுக்கு: ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு கல்லணைக்குத் தண்ணீர் வந்துசேரும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு காவிரியை வணங்குவது வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியது. சித்திரை, வைகாசியில் ஆறும் வறண்டிருக்கும், பாறையும் கொதிக்கும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஓர் இரவாவது தீவில் தங்குங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு அரையர் சேவையும் பரமபத வாசலும் பார்க்க மார்கழியில் வருவதானால், அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.